பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போடலாமா? சிங்கப்பூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அதிலிருந்து உறவினர், நண்பர், பக்கத்து வீட்டார் என்று பலரும் என்னிடம் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியில் போடக்கூடிய இன்னொரு இயங்குதளம். வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகப் பதில் போடுவதைவிட ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கணினித் துறையில் இல்லாதவர்களுக்காக எழுதியது. துறையில் இருப்பவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

என் மடிக்கணினிக்கு விண்டோஸ் 11 போட முடியாது என்று வருகிறது. தூக்கிப்போட வேண்டியதுதானா?

வேண்டாம். விண்டோஸ் 11 முக்கியமாக இரண்டு விஷயங்களைப் பார்க்கிறது. ஒன்று, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி. இன்னொன்று, அவர்கள் பட்டியலில் இருக்கும் செயலி. இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் அனுமதி. 2017-க்கு முன் வாங்கிய கணினிகள் ஏறக்குறைய எல்லாமே இதில் அடிபட்டுப்போகும். கணினி நன்றாக ஓடிக்கொண்டுதான் இருக்கும். பட்டியலில் பெயர் இருக்காது, அவ்வளவுதான்.

வீட்டுப் பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் வரை கூடுதலாக ஓராண்டு பாதுகாப்புப் புதுப்பிப்பு தருவதாகவும் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அது தள்ளிப்போடும் வழி. முடிவெடுக்க நேரம் வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கணினியில் இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால், முதலில் அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி என்ற, சுழலாத வேகமான சேமிப்பு வட்டைப் போடுங்கள். "லினக்ஸ் போட்டதும் வேகம் பறக்குது" என்று சொல்பவர்களில் பாதிப் பேர் அதே நாளில் எஸ்எஸ்டியும் மாற்றியவர்கள். புகழ் மட்டும் லினக்ஸுக்குப் போய்விடுகிறது.

லினக்ஸ் என்றால் கறுப்புத் திரையில் ஏதேதோ தட்டுவதுதானே?

ஒரு காலத்தில் அப்படித்தான். 1991-இல் ஹெல்சின்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியபோது அது கணினிப் பித்துப் பிடித்தவர்களுக்கான விளையாட்டு. இன்று உங்கள் ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடியில் ஓடுவது லினக்ஸ் கருநிரல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி. உலகின் மிக வேகமான 500 கணினிகளின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் அத்தனையும் லினக்ஸ்தான்.

ஆனால் மீகணினி லினக்ஸில் ஓடினால் அங்மோகியோவில் இருக்கும் உங்களுக்கு என்ன வந்தது? உங்களுக்குத் தெரிய வேண்டியது இதுதான். லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் போட்ட கணினியைத் திறந்தால் கீழே ஒரு பட்டை இருக்கும். இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம், வைஃபை, ஒலி. கோப்புகளை இரட்டைக் கிளிக்கில் திறக்கலாம், குப்பைத்தொட்டிக்கு இழுத்துப் போடலாம். கறுப்புத் திரை, அதாவது டெர்மினல், உள்ளே இருக்கிறது. அதைத் தொடாமலே மாதக்கணக்கில் ஓட்டலாம்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். சுலபமா, கஷ்டமா?

லினக்ஸ் சுலபம். கஷ்டம் எல்லாம் நீங்கள் எந்த மென்பொருளை விட முடியாமல் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது.

அதனால் என்னிடம் யார் கேட்டாலும் முதலில் ஒரு வேலை கொடுத்துவிடுவேன். ஒரு தாளை எடுத்துக் கணினிக்குப் பக்கத்தில் வையுங்கள். ஒரு வாரம், நீங்கள் திறக்கும் ஒவ்வொரு மென்பொருளின் பெயரையும் அதில் எழுதுங்கள். குரோம், ஜூம், வேர்டு, போட்டோஷாப், அலுவலகக் கணக்கு மென்பொருள், எதுவாக இருந்தாலும் சரி. வாரக் கடைசியில் அந்தத் தாளைப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும்.

பட்டியலில் இருப்பதெல்லாம் உலாவிக்குள் நடக்கும் வேலைகள்தான் என்றால், அதாவது மின்னஞ்சல், யூடியூப், வங்கி, செய்தி, வாட்ஸ்அப் வெப் என்று முடிந்துவிட்டால், உங்களுக்கு ஒரு மாலைப்பொழுது போதும். வேர்டு, எக்ஸல், படத் திருத்தம் என்று இருந்தால் மாற்று மென்பொருள்கள் உண்டு, ஆனால் கை பழகக் கொஞ்ச நாள் ஆகும். ஆட்டோகேட், போட்டோஷாப் போல் ஒன்றே ஒன்று இருந்து, அதில்தான் உங்கள் பிழைப்பு ஓடுகிறது என்றால், அந்தக் கணினியில் கை வைக்காதீர்கள். ஒயின் என்ற மென்பொருள் 1993 முதல் விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டிக்கொண்டுதான் வருகிறது, ஆனால் சோறு போடும் மென்பொருளை நம்பி அதில் விடுவது சரிவராது.

எத்தனையோ லினக்ஸ் இருக்கிறதாமே? எதை எடுப்பது?

இருக்கிறது. உபுண்டு, மின்ட், ஃபெடோரா, டெபியன், சோரின் என்று நூற்றுக்கணக்கில். ஒவ்வொன்றையும் டிஸ்ட்ரோ என்பார்கள். ஒரே கருநிரல்தான், மேலே போடும் தோற்றமும் கூட வரும் மென்பொருள்களும் வேறு.

விண்டோஸிலிருந்து வருகிறீர்களா? லினக்ஸ் மின்ட், சினமன் பதிப்பு. அவ்வளவுதான் என் பதில். நினைவகம் 4 ஜிபிதான், கணினியும் மிகப் பழசு என்றால் அதே மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை புதுப்பிப்புகள் வரும். எது சிறந்தது என்று யூடியூபில் சண்டை போடுகிறவர்களின் காணொளிகளைப் பார்க்க ஆரம்பித்தீர்கள் என்றால் மாதம் ஓடிவிடும், மடிக்கணினி அப்படியே கிடக்கும்.

சிங்பாஸ், வங்கி, வருமான வரி எல்லாம் வேலை செய்யுமா?

செய்யும். சிங்பாஸ் உங்கள் கைப்பேசியில் இருக்கிறது. கணினித் திரையில் வரும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்கிறீர்கள், அந்தத் திரை எந்த இயங்குதளத்தில் ஓடுகிறது என்பது அதற்கு ஒரு பொருட்டே கிடையாது. மசேநிதி, வீவக, உள்நாட்டு வருவாய் ஆணையம் ஆகிய மூன்றின் தளங்களும் உலாவியில் திறப்பவை. மார்ச் 1 முதல் ஏப்ரல் 18 வரையிலான வரித் தாக்கலை லினக்ஸில் உட்கார்ந்தே முடிக்கலாம். வங்கிகளும் அப்படித்தான்: டோக்கன் கைப்பேசியில், மற்றது உலாவியில்.

மீவாட்ச் மாதிரித் தளங்களில் காணொளி ஓடவில்லை என்றால் ஃபயர்ஃபாக்ஸ் அமைப்புகளில் போய் டிஆர்எம், அதாவது காப்புரிமைப் பூட்டுள்ள, உள்ளடக்கத்தை அனுமதியுங்கள். வசந்தம் நாடகம் பார்ப்பவர்கள் இதை முதல் நாளே செய்துவிடுவது வீட்டு அமைதிக்கு நல்லது. நெட்ஃபிளிக்ஸ் ஓடும், 4கே தரத்தில் மட்டும் வராது.

அலுவலக மடிக்கணினி வேறு கதை. அது உங்களுடையது கிடையாது. அதில் எதுவும் போடாதீர்கள். வீட்டுக் கணினியிலிருந்து அலுவலக விபிஎன்னில் நுழைகிறீர்கள் என்றால் முதலில் உங்கள் ஐடி பிரிவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மகனின் பள்ளி மடிக்கணினியில் போடலாமா?

கூடாது. உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் தனிப்பட்ட கற்றல் சாதனத்தில், அது ஐபேடோ குரோம்புக்கோ விண்டோஸோ எதுவானாலும், கல்வி அமைச்சின் திட்டப்படி சாதன நிர்வாக மென்பொருள் போட்டிருப்பார்கள். அதை அழித்தால் பள்ளியிலிருந்து அழைப்பு வரும்.

வீட்டில் இருக்கும் வேறொரு பழைய கணினியில் போட்டுக் கொடுங்கள். பள்ளிப் பாடங்களுக்கான எஸ்எல்எஸ் தளம் உலாவியில் திறக்கும். பைத்தான், ஸ்கிராட்ச் எல்லாம் லினக்ஸில் தாராளமாக ஓடும். தானாக ஒரு கணினியைக் கெடுத்து, தானாகச் சரிசெய்ய ஒரு பிள்ளைக்கு வாய்ப்பு கிடைப்பது நல்லது என்றே நினைக்கிறேன். பள்ளிச் சாதனத்தில் அது முடியாது.

வேர்டு, எக்ஸல் இல்லாமல் எப்படி?

லிப்ரெஆபீஸ் கூடவே வரும். டாக்எக்ஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்புகளைத் திறக்கும், சேமிக்கும். கடிதம், வீட்டுக் கணக்கு, கோயில் விழாவுக்கான நன்கொடைப் பட்டியல் போன்றவற்றுக்குப் போதும், மிச்சமும் இருக்கும். மேக்ரோ நிறைந்த எக்ஸல் கோப்புகள் தகராறு செய்யும். மைக்ரோசாஃப்ட் 365-ஐ உலாவியில் பயன்படுத்தலாம், அதில் எல்லா வசதியும் இருக்காது.

தமிழ் ஆவணங்களில் ஒரு சிக்கல் உண்டு. விண்டோஸில் தமிழுக்குப் பழகிய எழுத்துரு லதா அல்லது நிர்மலா. லினக்ஸில் அவை இருக்காது, நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோகித் அந்த இடத்தில் உட்காரும். எழுத்தின் அகலம் மாறும், வரி உடையும் இடம் மாறும். ஒரே பக்கத்தில் அளவெடுத்து வைத்த தமிழ்ப் பயிற்சித்தாளைத் திறந்தால் கடைசி இரண்டு கேள்விகள் அடுத்த பக்கத்தில் போய் நிற்கும். தமிழாசிரியர்கள் இதற்குத்தான் அதிகம் எரிச்சல்படுவார்கள். அச்சுக்கு அனுப்புவது, பெற்றோருக்கு அனுப்புவது எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். ஆங்கிலத்துக்கு இந்தத் தொல்லை குறைவு. கலிப்ரிக்குப் பதில் கார்லிட்டோ, ஏரியலுக்குப் பதில் லிபரேஷன் சான்ஸ் என்று அதே அகலத்தில் செய்துவைத்திருக்கிறார்கள்.

தமிழில் தட்டச்சு செய்ய முடியுமா?

நன்றாகவே முடியும். சிங்கப்பூர்க்காரர்களுக்கு இதில் கொஞ்சம் சொந்தமும் உண்டு. இணையத்தில் தமிழைக் கொண்டுவர முதலில் பாடுபட்டவர்களில் ஒருவர் நம் ஊர் நா. கோவிந்தசாமி. 1997-இல் தமிழ்நெட் 97 மாநாடு இங்கேதான் நடந்தது. அதற்கடுத்து 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டிலிருந்து பிறந்ததுதான் தமிழ்99 விசைப்பலகை.

லினக்ஸில் இதை அமைக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. விசைப்பலகை அமைப்பில் போய்த் தமிழ் என்று தேடினால் தமிழ்நெட் 99 என்று ஒன்று உடனே கிடைக்கும். அதைச் சேர்த்துவிட்டு "அம்மா" என்று தட்டிப் பாருங்கள். விண்டோஸிலோ கைப்பேசியிலோ தமிழ்99-இல் பழகியவர்கள் அ, ம, ம, ஆ என்று நான்கு விசைதான் தட்டுவார்கள். முதல் மகரத்துக்குப் புள்ளி தானாக விழும். இங்கே விழாது. பயனாளர் லினக்ஸைத் திட்டுவார். அது வெறும் விசைப் பொருத்தம், அதற்குப் புள்ளி போடும் அறிவெல்லாம் கிடையாது.

செய்ய வேண்டியது: மென்பொருள் மேலாளரில் ஐபஸ்-எம்17என் (ibus-m17n) என்ற தொகுப்பைத் தேடி நிறுவுங்கள். ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்ளே வாருங்கள். ஐபஸ் அமைப்பில் தமிழ் என்ற தலைப்பின் கீழ் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, தட்டச்சு, இன்ஸ்கிரிப்ட் என்று வரிசையாக நிற்கும். அதிலுள்ள தமிழ்99-ஐ எடுத்தால் புள்ளி தானாக விழும், "அம்மா" நான்கு விசையில் வந்துவிடும். அம்மா என்பதை ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கிப் பழகியவர்கள் ஒலிபெயர்ப்பை எடுத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாற எந்த விசைச் சேர்க்கை என்பதை அதே அமைப்பிலேயே உங்கள் வசதிக்கு வைத்துக்கொள்ளலாம்.

எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு முன் டிஸ்கி, டாப், பாமினி எழுத்துருக்களில் அடித்துவைத்த கோப்புகள் பல சங்கங்களில் இன்னும் இருக்கின்றன. அந்த எழுத்துருக் கோப்பை லினக்ஸில் நிறுவினால் அவை பழையபடியே தெரியும். ஆனால் தேட முடியாது, இணையத்தில் ஒட்டினால் கந்தரகோலம். இயங்குதளம் மாற்றும் சாக்கில் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள், பின்னால் வருகிறவர்கள் வாழ்த்துவார்கள்.

வைஃபை, பிரிண்டர், ப்ளூடூத்?

நிறுவும் முன்பே சோதித்துப் பார்த்துவிடலாம் என்பதுதான் இதில் நல்ல செய்தி. எப்படி என்று அடுத்த பதிலில்.

இன்டெல் வைஃபை என்றால் கவலை இல்லை. பிராட்காம், சில ரியல்டெக் சில்லுகள் முரண்டு பிடிக்கும். சில்லை இயக்கும் மென்பொருளான டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும். அப்போது கைப்பேசியை யூஎஸ்பி கம்பியில் செருகி, அமைப்பில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். கம்பி வழியாக இணையம் வந்துவிடும். பிறகு டிரைவர் மேலாளரைத் திறந்தால் அதுவே என்ன வேண்டும் என்று சொல்லும். என்விடியா வரைகலை அட்டைக்கும் அதே இடம்தான்.

கடந்த பத்தாண்டில் வந்த, ஏர்பிரிண்ட் ஆதரவுள்ள பிரிண்டர்கள் டிரைவர் எதுவும் இல்லாமல் தானாகவே தெரியும். எச்பி, பிரதர், எப்சன் பழைய மாதிரிகளுக்கும் வழி உண்டு. விரல்ரேகைப் பூட்டு பல மடிக்கணினிகளில் வேலை செய்யாது. அதை விட்டுவிடுங்கள்.

எப்படி நிறுவுவது? கடைக்குக் கொண்டுபோக வேண்டுமா?

தேவையில்லை. 8 ஜிபிக்குக் குறையாத ஒரு தம்ப் டிரைவ் வேண்டும், பத்து வெள்ளிக்குள் கிடைக்கும். மின்ட்டின் தளத்திலிருந்து ஏறக்குறைய 3 ஜிபி அளவுள்ள ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பை இறக்கி, ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் என்ற மென்பொருளால் தம்ப் டிரைவில் எழுதுங்கள். தம்ப் டிரைவில் இருந்ததெல்லாம் போய்விடும், அதில் திருமணப் படங்கள் எதுவும் இல்லையே என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கணினியை அணைத்து, தம்ப் டிரைவைச் செருகி, இயக்கியதும், எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவுக்கான விசையை விட்டு விட்டுத் தட்டுங்கள். லெனோவோ, டெல் என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9, ஏசுஸ் என்றால் எஸ்கேப். தம்ப் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் மின்ட் முழுசாகத் திறக்கும், உங்கள் வட்டில் எதையும் தொடாமலேயே. இதுதான் லைவ் அமர்வு. வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, கேமரா தெரிகிறதா, மூடியை மூடித் திறந்தால் விழிக்கிறதா, எல்லாவற்றையும் இங்கேயே பாருங்கள். கொஞ்சம் மெதுவாக இருக்கும், தம்ப் டிரைவிலிருந்து ஓடுவதால் அப்படி. சரிப்படவில்லை என்றால் அணைத்துத் தம்ப் டிரைவை உருவுங்கள், விண்டோஸ் வைத்தது வைத்தபடி இருக்கும்.

பிடித்தால் திரையில் இருக்கும் நிறுவும் சின்னத்தைச் சொடுக்குங்கள். மொழி, விசைப்பலகை, நேர மண்டலம், பயனர் பெயர் எல்லாம் சாதாரணக் கேள்விகள். ஒரு திரையில் மட்டும் நிதானமாகப் படியுங்கள். விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவவா, வட்டை அழித்து நிறுவவா என்று கேட்கும் இடம். "அழித்து" என்பது உண்மையாகவே அழிக்கும். அந்தத் திரைக்கு வரும் முன் படங்களும் ஆவணங்களும் வெளி வட்டில் பிரதியாக இருக்க வேண்டும்.

விண்டோஸையும் வைத்துக்கொண்டு இதையும் போடலாமா?

போடலாம். ஆனால் முதலில் விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கரைப் பாருங்கள். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் வட்டு தானாகவே பூட்டு மறையாக்கத்தில் இருக்கும், உரிமையாளருக்கே தெரியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து மீட்புத் திறவுகோலை எடுத்துக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டபிறகுதான் மற்றதெல்லாம். 48 இலக்க எண் அது. அந்த எண் கையில் இல்லாமல் விண்டோஸ் அதைக் கேட்கும் நிலை வந்தால், உள்ளே இருக்கும் கோப்புகளை மறந்துவிட வேண்டியதுதான். அப்புறம் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் லினக்ஸிலிருந்து விண்டோஸ் கோப்புகளில் எழுத விடாது.

இரண்டும் போட்ட பிறகு விண்டோஸில் மணி எட்டு மணி நேரம் பின்னால் காட்டுகிறது. பேட்டரி போய்விட்டதா?

பேட்டரிக்கு ஒன்றுமில்லை. தாய்ப்பலகையில் ஒரு கடிகாரம் இருக்கிறது. லினக்ஸ் அதில் உலகப் பொது நேரத்தை வைக்கும், சிங்கப்பூருக்கு எட்டு மணி கூட்டித் திரையில் காட்டும். விண்டோஸோ அந்தக் கடிகாரத்தில் இருப்பதுதான் உள்ளூர் நேரம் என்று நம்பும். அதனால் மாலை 4 மணிக்கு விண்டோஸைத் திறந்தால் காலை 8 என்கிறது. நேரம் தப்பாக இருந்தால் சில பாதுகாப்பான தளங்களும் திறக்க மறுக்கும். லினக்ஸில் டைம்டேட்சிடிஎல் (timedatectl) கட்டளையால் கடிகாரத்தை உள்ளூர் நேரத்துக்கு மாற்றச் சொன்னால் தீர்ந்தது. நீங்கள் டெர்மினலைத் திறக்க நேரும் மிகச் சில தருணங்களில் இது ஒன்று.

கேம் விளையாட முடியுமா?

முன்புபோல் இல்லை, நிறைய ஓடும். வால்வ் நிறுவனம் 2018-இல் விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் புரோட்டானைக் கொண்டுவந்து தன் கேம் கடையான ஸ்டீமில் சேர்த்ததும், 2022-இல் லினக்ஸில் ஓடும் ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கேம் கருவியை விற்கத் தொடங்கியதும் நிலைமையை மாற்றிவிட்டன. வாலரன்ட், ஃபோர்ட்நைட் ஓடாது; அவற்றின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் லினக்ஸை அனுமதிப்பதில்லை. வீட்டில் வாலரன்ட் ஆடும் பிள்ளை இருந்தால் அந்தக் கணினியை விட்டுவிடுங்கள்.

வைரஸ் வராதாமே?

குறைவு. மென்பொருளைத் தளம் தளமாகத் தேடி இறக்காமல் மென்பொருள் மேலாளரிலிருந்து எடுப்பதே பாதி பாதுகாப்பு. தனியாக வைரஸ் தடுப்பு வாங்க வேண்டியதில்லை, புதுப்பிப்பு வரும்போது போட்டுக்கொண்டால் போதும்.

ஆனால் இந்த ஊரில் மக்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் வைரஸால் இல்லை. வங்கி மாதிரியே இருக்கும் போலித் தளம், காவல்துறை என்று சொல்லி வரும் அழைப்பு, வாட்ஸ்அப்பில் வரும் முதலீட்டு ஆசை. அவற்றிடமிருந்து லினக்ஸ் உங்களைக் காப்பாற்றாது. சந்தேகம் வந்தால் 1799-ஐ அழைத்துக் கேளுங்கள், ஸ்கேம்ஷீல்டு உதவி எண் அது.

அம்மா அப்பா கணினிக்குப் போட்டுக் கொடுக்கலாமா?

அவர்கள் கேட்டால் போடுங்கள். கேட்காமல் போட்டால் இனி அந்தக் கணினியில் எது நின்றாலும், இணையக் கட்டணம் கட்டாததால் நின்றால்கூட, "நீ போட்டதாலதான்" என்பார்கள்.

கேட்டால், முதியவர்கள்தான் உண்மையில் சுலபமாக மாறுகிறவர்கள். அவர்களுடைய தாள் பட்டியல் சின்னது. எங்கள் பிளாக்கில் ஓர் ஆன்டிக்குத் திரையில் நான்கே சின்னங்கள்: தமிழ் முரசு, யூடியூப், வாட்ஸ்அப் வெப், படங்கள். எழுத்தைப் பெரிதாக்கி, கீழ்ப்பட்டையைத் தடிமனாக்கி வைத்தது. "இது என்ன விண்டோஸ் தம்பி, நல்லா இருக்கே" என்றார். நான் திருத்தவில்லை.

டைம்ஷிஃப்டை மட்டும் மறக்காமல் இயக்கிவையுங்கள். அது அவ்வப்போது கணினியின் நிலையைப் பதிவு செய்துகொள்ளும், ஏதாவது புதுப்பிப்பு வம்பு செய்தால் முந்தைய நாளுக்குத் திருப்பிவிடலாம். தூரத்திலிருந்து உதவ எனிடெஸ்க் லினக்ஸுக்கும் இருக்கிறது. மோசடிக்காரர்களும் அதையே இறக்கச் சொல்வார்கள் என்பதால், உங்களைத் தவிர வேறு யார் கேட்டாலும் எனிடெஸ்க் காட்டும் எண்ணைச் சொல்லக் கூடாது என்று பெற்றோரிடம் சொல்லிவையுங்கள்.

முதல் வாரத்தில் எங்கே தடுக்கும்?

சில இடங்கள் நிச்சயம். டெர்மினலில் கடவுச்சொல் தட்டும்போது சில டிஸ்ட்ரோக்களில் ஒரு புள்ளிகூடத் தெரியாது. விசைப்பலகை கெட்டுவிட்டது என்று நினைப்பீர்கள். தட்டி முடித்து என்டர் அழுத்துங்கள். சி டிரைவ், டி டிரைவ் என்று எதுவும் இருக்காது, உங்கள் கோப்புகள் எல்லாம் ஹோம் என்ற ஒரே இடத்தில் இருக்கும். பழக்கதோஷத்தில் இஎக்ஸ்இ கோப்பை இறக்கிச் சொடுக்குவீர்கள், ஒன்றும் நடக்காது. எழுத்தை மவுஸால் தேர்ந்தெடுத்து நடுச்சக்கரத்தை அழுத்தினால் அது ஒட்டிக்கொள்ளும். முதலில் பயமாக இருக்கும், பிறகு விண்டோஸில் அது இல்லையே என்று ஏங்குவீர்கள்.

ஏதாவது சிக்கலுக்கு இணையத்தில் தேடும்போது பதில் எந்த ஆண்டு எழுதியது என்று பாருங்கள். 2012-இல் எழுதிய கட்டளையை இன்று ஒட்டினால் சரியாக இருந்ததும் கெடும். என்ன செய்யும் என்று புரியாத கட்டளையை ஒட்டவே ஒட்டாதீர்கள். தமிழில் படிக்க வேண்டும் என்றால் கணியம் தளத்தில் நிறைய இருக்கிறது, 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதி வருகிறார்கள்.

மேக்கிலிருந்து வருகிறவர்களுக்கு?

ஆப்பிள் புதுப்பிப்பு தராமல் கைவிட்ட பழைய இன்டெல் மேக் என்றால் நன்றாக ஓடும், வைஃபை சில்லை மட்டும் லைவ் அமர்வில் சோதியுங்கள். எம்1, எம்2 சில்லுள்ளவற்றுக்கு அசாஹி என்ற தனித் திட்டம் உண்டு. அதைப் புதியவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

பிடிக்கவில்லை என்றால் திரும்பப் போக முடியுமா?

முடியும். விண்டோஸோடு வந்த மடிக்கணினி என்றால் உரிமம் பெரும்பாலும் தாய்ப்பலகையோடு ஒட்டியிருக்கும். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நிறுவல் கோப்பை இறக்கி, தம்ப் டிரைவில் எழுதி, மறுபடி நிறுவினால், இணையத்தில் இணைந்ததும் தானாகச் செயல்படத் தொடங்கும். திறவுகோல் எண் கேட்டால் "என்னிடம் இல்லை" என்பதைச் சொடுக்கிவிட்டு மேலே போகலாம். முன்பு ஹோம் பதிப்பு இருந்ததா, புரோ இருந்ததா என்பதை மட்டும் மாற்றத்துக்கு முன்பே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பதிப்பு மாறினால் உரிமம் ஏற்காது.